உடையாத மூலை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் இருந்தவர்கள்: பெரிய கிளாக்கர் ஸ்ரீஸ்கந்தராஜா, கீழே ஒஃபிஸ் அறையில், கழுத்தைச் சுற்றிய மஃப்ளரோடு. வாச்சர் இராசையா, சாவிக்கொத்தோடு, கூப்பிட்ட இடத்தில். இராசையாவின் மகள் ஜீவராணி, மேல்மாடியின் கோடியில் ஒரு சின்ன அறையில், லெப்டொப்பின் முன்னால். வாசலில் ஒரு கறுப்பு நாய். அது மாடிப்படி ஏறாது.

அவ்வளவுதான். தேயிலை பெக்டரியைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து வராத நாளில் அங்கே வேறு யாருக்கும் வேலை இல்லை. கொழுந்து வாட்டும் மேல்மாடியில் அன்று யாரும் இல்லை என்பது ஜீவராணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் திரையில் தெரிந்த சாக்கின் இழைகளை அவள் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாக்கு இருந்ததில் பிழையில்லை. ஸ்டோரில் சாக்கு இல்லாமல் வேறென்ன இருக்கும்? இழை தெரிந்ததுதான் பிழை. மலிவான கெமரா, இருட்டில் எடுத்த சாம்பல் நிறப் படம். அதை இவ்வளவு பெரிதாக்கினால் உடைய வேண்டும். கட்டம் கட்டமாகச் சிதறி, எது சாக்கு எது சுவர் என்று விளங்காத கூழாகிவிட வேண்டும். ஸூம் இருப்பதை இழுத்துப் பெரிதாக்கும், இல்லாததைக் கொண்டுவராது. இது அவளுக்குப் பாடம் இல்லை, பிழைப்பு. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷுக்ரி என்பவர் நடத்தும் கம்பியூட்டர் வகுப்பில், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது எப்படி, பரீட்சை முடிவு பார்ப்பது எப்படி என்று திரையை ரெக்கோர்ட் செய்து வீடியோ போடுவதுதான் அவள் வேலை. எந்த பட்டனை அழுத்த வேண்டுமோ அந்த இடத்துக்கு ஸூம் வைப்பாள். படம் மெல்ல நெருங்கும், நிற்கும், விலகும். சின்ன போனில் பார்க்கிற ஆளுக்கும் பட்டன் தெரியும். நெருங்கினால் எழுத்து மங்கும் என்பதையும், எந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

இங்கே அவள் அந்த அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தாள். சாக்கின் இழை ஒன்று அறுந்து சுருண்டிருந்தது. அந்தச் சுருள்கூடத் தெரிந்தது.

யோசனை வந்தால் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பை வலது பெருவிரலால் தடவுவது அவள் பழக்கம். சின்ன வயதில் ரொட்டி சுடும் தட்டில் பட்டு வந்த தழும்பு, பிறை மாதிரி, கொஞ்சம் தடித்தது. அதைத் தடவிக்கொண்டே காலையில் நடந்ததை நினைத்துப் பார்த்தாள்.

காலையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து மூடுபனிக்குள் தோட்டத்து ரோட்டில் ஏறி ஒஃபிஸுக்குள் நுழைந்ததும் கிளாக்கர் நாற்காலியைக் காட்டினார். யாழ்ப்பாணத்து மனிதர். தோட்டத்துக்கு வந்து அரை ஆயுள் ஆனாலும் பேச்சு மாறவில்லை; உன் அப்பா என்பது அவர் வாயில் கொப்பர்தான்.

"கொப்பர் நல்ல மனிசன், பிள்ளை. எனக்குத் தெரியும். கொழும்புக் கொம்பனியில இருக்கிறவைக்குத் தெரியாது. அவைக்குத் தெரிஞ்சது இந்தப் படம் மட்டும்தான்."

வியாழக்கிழமை இரவு, அனுப்பக் கட்டி வைத்திருந்த தேயிலை மூட்டைகளில் சில காணாமல் போயிருந்தன. எந்தப் பூட்டும் உடையவில்லை. அன்று காவல் இராசையா. மூட்டை இருந்த அறையில் கெமரா வேலை செய்யவில்லை. மேல்மாடிக் கெமரா வேலை செய்தது. நடுச்சுவரில் உயரத்தில் மாட்டிய அந்தக் கெமரா மாடி முழுவதையும் காட்டும்: இடது ஓரத்தில் வெளிக்கதவு, நடுவில் வரிசையாகக் கம்பிவலை போட்ட நீளத் தொட்டிகள், வலது ஓரத்தில் சின்ன அறையின் கதவு, அதை ஒட்டிய மூலையில் பழைய சாக்குக் குவியல்.

"இதில பாரும். ரோர்ச்சோட வாறார். எல்லாம் பாத்திட்டுக் கதவடிக்குப் போறார். அங்க நிண்டு திரும்பி அந்த மூலையைப் பாத்து என்னவோ சொல்லுறார். பிறகு நிக்கிறார். ஆரோ மறுமொழி சொல்லுற மாதிரி. பிறகும் சொல்லுறார், கதவைப் பூட்டிறார். ஆரோட கதைச்சவர்?"

ஜீவராணி படத்தைப் பார்த்தாள். அப்பா சாம்பல் நிறத்தில் விரலளவுக்கு நின்றார். வாய் அசைந்தது தெரிந்தது. மூலை வெறும் கறுப்பு.

"அந்த மூலையைக் கிட்டக் கொண்டுவந்து வடிவாக் காட்டும். ஆளில்லையெண்டால் விசயம் இதோட முடிஞ்சுது, மிச்சத்தை நான் கதைப்பன். ஆள் நிண்டால்..." அவர் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேலை போகும். வேலை போனா லயத்துக் காம்பராவையும் விடவேண்டி வரும். அது என்ர கையில இல்லை."

"நான் செஞ்சா மகள் செஞ்சதுன்னு சொல்ல மாட்டாங்களா, சேர்?"

"வேற ஆள் காசுக்குச் செய்வான். நீர் கவனமாச் செய்வீர். எப்பிடிச் செய்ததெண்டு அவை கேக்கப்போறேல்லை."

கெமராப் பெட்டியிலிருந்து படத்தை வெளியே எடுக்கும் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. ஓடவிட்டுப் பார்க்கலாம், ஓடும் திரையை ரெக்கோர்ட் செய்யலாம். பெட்டி இருந்தது மேல்மாடிச் சின்ன அறையில். ஆகவே அவள் அங்கேதான் போக வேண்டும்.

இராசையா கூட்டிக்கொண்டு போனார். மாடிக்கதவின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். எந்தப் பூட்டானாலும் அவருக்கு அப்படித்தான். பூட்டும்போதும் இரண்டு இழுப்பு, திறக்கும்போதும் இரண்டு இழுப்பு. வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குக்கூட அதே மரியாதை. ஜீவராணியும் அம்மாவும் அதை வைத்து அவரைக் கேலி பண்ணாத நாள் இல்லை.

உள்ளே ஸ்டேசன் மேடை மாதிரி நீண்டு கிடந்தது மாடி. உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாக அடித்திருந்த தகரத்தின் இடுக்குகளால் மூடுபனி உள்ளே வந்து, காலித் தொட்டிகளின் கம்பிவலைமேல் தங்கி, தங்கிய இடத்தில் சொட்டாகி, மரத்தரையில் ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று என்று விழுந்துகொண்டிருந்தது. எலிப்புழுக்கையும் நனைந்த சாக்கும் போன வாரத்துக் கொழுந்தும் சேர்ந்த ஒரு வாடை, பழைய சோற்றுப் பானையைத் திறந்ததுபோல, தொண்டையில் வந்து உட்கார்ந்தது. அவள் சின்ன அறையில் லெப்டொப்பை வைத்தாள். பையைத் துழாவினாள். சார்ஜரைக் கீழே ஒஃபிஸில் விட்டிருந்தாள்.

அப்பா மாடியின் நடுவில் நின்றார். அவரைக் கடந்து போகும்போது, லயத்துப் படியில் இறங்கும்போது தினமும் சொல்வதைச் சொன்னாள்.

"அப்பா, போயிட்டு வாரேன்."

"என்னா சொன்ன?"

"சார்ஜர விட்டுட்டேன். போயிட்டு வாரேன்னேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார். "இங்க அப்புடிச் சொல்லக் கூடாது புள்ள. போறேன்னு மட்டுந்தான் சொல்லணும். மேல வேல செய்யிற அம்புட்டுப் பேரும் அப்புடித்தான். டீமேக்கர் ஐயாகூட."

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. "வீட்டுல போறேன்னு சொன்னா வாயில போடுவீங்க. இங்க வாரேன்னு சொன்னா போடுவீங்க போல. நான் என்னாதான் சொல்றது?"

"வரமாட்டேன்னு சொல்லு. இப்பவே. சத்தமா."

"வரமாட்டேன், வரமாட்டேன். போதுமா? சூடம் ஏத்தணுமா?"

"அப்ப வியாழக்கெழம அதத்தான் சொன்னீங்களா?" என்று சிரிப்பு அடங்கியதும் ஜீவராணி கேட்டாள்.

"ஆமா. போறேன்னு சொன்னேன்."

"ரெண்டு தடவ?"

அவர் சாவிக்கொத்தில் எதையோ தேடினார். "ஒரு தடவ சொன்னா பத்தாது."

"யாருக்கு?"

"யாருமில்ல."

இதைக் கிளாக்கரிடம் சொன்னால் கேட்பாரா? கொழும்பில் கேட்பார்களா? யாருமில்லாத மூலையிடம் விடைபெற்றேன் என்று வாச்சர் சொன்னால் திருடனுக்கே சிரிப்பு வரும். படம்தான் பேச வேண்டும். அவள் கீழே போய் சார்ஜரை எடுத்தாள். மறுபடி மேலே வந்தாள்; வேலை அங்கேதானே இருக்கிறது. அப்பா அவள் கையிலிருந்த சார்ஜரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முடிஞ்சதும் கிளாக்கர் ஐயாவுக்கு அனுப்பு. அவரு சொல்லுவாரு, நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். தனியா எறங்காத."

தகரக் கூரைக்குக் கீழே போனில் சிக்னல் நிற்காது. ஒஃபிஸ் வைஃபை மட்டும் தட்டுத்தடுமாறி வரும். அவள் தலையாட்டினாள். கதவடியில் அப்பா திரும்பி நின்று, "போறேன்" என்றது கேட்டது. பிறகு ஒரு இடைவெளி. பிறகு மறுபடி, கொஞ்சம் கடினமாக, "போறேன்."

இப்போது மதியம் தாண்டி மழை பிடித்துவிட்டது. நமுனுகுல மலைப் பக்கமிருந்து இறங்கிய மழை முதலில் தேயிலை மேட்டில் சலசலத்து, பிறகு சவுக்கு மரங்களில் ஏறி, கடைசியில் தகரக் கூரைமேல் ஒரு லொறி கருங்கல்லைக் கவிழ்த்ததுபோல விழுந்தது. அதற்குப் பிறகு வேறு சத்தமே இல்லை.

ஜீவராணி ஸூமை எடுத்துவிட்டு அப்பாவின் முகத்துக்கு வைத்தாள். அதே படம், அதே அளவு. அப்பாவின் முகம் உடைந்தது. கண் ஒரு கட்டம், வாய் ஒரு கட்டம், மீசை இரண்டு கட்டம். சரியாக, உடைய வேண்டிய மாதிரி.

மூலைக்கு வைத்தாள். இழை தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். குவியலின் மேல் விளிம்பில் நான்கு விரல்கள் இருந்தன.

முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஆள் நிற்கிறான். அப்பா பொய் சொல்லியிருக்கிறார். போறேன், வாரேன் என்று கதை கட்டி மகளை ஏமாற்றியிருக்கிறார். அம்மாவின் பாத்திரங்கள், சாமிப் படம், தையல் மெஷின், எல்லாம் லயத்து வாசலில் மழையில் நனைவதை ஒரு நிமிடம் கண்ணால் கண்டாள். பிறகுதான் விரல்களைச் சரியாகப் பார்த்தாள். நகங்களில் கொழுந்துக் கறை. மூட்டுகளில் சுருக்கம். தோலில் ரோமக்கால். முகமே கட்டமாக உடைகிற படத்தில் ரோமக்கால்.

எழுந்து அறைக்கதவைத் திறந்தாள். மூலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாக்கு. சாக்கு மட்டும். ஒரு சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தாள். ஒரு பல்லி ஓடியது. ஆனால் அங்கே வாடை மாறியிருந்தது. எலி வாடை இல்லை, பழைய சோற்று வாடை இல்லை. இப்போதுதான் கிள்ளிக் கொட்டிய கொழுந்தின் பச்சை வாசனை, குளிர்ந்து, ஈரமாக, மூக்கின் அடிவரை ஏறியது. சனிக்கிழமையே மாடியைக் கூட்டி முடித்துவிட்டார்கள். கொழுந்து எங்கே?

கதவைச் சாத்திக்கொண்டாள். கொண்டி சரியாக விழவில்லை. அறையில் கிடந்த இன்னொரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள்.

மென்பொருள் பிழையாக இருக்கலாம். பழைய ரெக்கோர்டிங் எதுவோ கலந்திருக்கலாம். அவள் எல்லாவற்றையும் அழித்தாள். கெமராப் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, ரெக்கோர்டிங்கைத் தொடங்கி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மென்பொருள் மவுஸ் அழுத்திய இடத்துக்குத் தானாக ஸூம் வைக்கும். அழுத்தாவிட்டால் வைக்காது. அவள் எதையும் அழுத்தவில்லை. தொடவில்லை.

நிறுத்திப் பார்த்தாள். டைம்லைனில் ஊதா நிறக் கட்டைகள் அடுக்காக இருந்தன. ஸூம், ஸூம், ஸூம். யாரோ அழுத்தியிருந்தார்கள். எல்லாம் ஒரே இடத்தில்.

ஓடவிட்டாள்.

அப்பா ரோர்ச்சோடு வந்தார். படம் அவரைக் கவனிக்கவில்லை. அது மெல்ல, பட்டனைக் காட்டப் போவதுபோல, அவள் செய்கிற அதே நிதானத்தோடு வலப்பக்கம் நகர்ந்து மூலையை நெருங்கியது. சாக்கு. விரல்கள். நின்றது. விலகவில்லை. மறுபடி நெருங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்தும் படங்கு ஒன்று குவியலுக்கு மேலே தெரிந்தது. படங்குக்குக் கீழே ஒரு தலை. அது குனிந்திருந்தது. மறுபடி நெருங்கியது. முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அது இன்னும் யாருடைய முகமும் இல்லை. பிசைந்து வைத்த மாவில் கண்ணுக்கும் வாய்க்கும் இடம் விட்டதுபோல.

திரையின் ஓரத்தில், அவ்வளவு தூரத்தில் தெரியவே கூடாத அப்பாவின் வாய் துண்டாக அசைந்தது. போறேன்.

மாவில் வாய் இருக்க வேண்டிய இடம் பிளந்தது. படம் அந்த வாய்க்குள்ளேயே போகும்போல நெருங்கியது. உதடு இரண்டும் குவிந்து, விரிந்து, மூடித் திறந்தன. சத்தமில்லாத படம். சத்தம் தேவைப்படவில்லை. வீட்டில் யாராவது படியிறங்கும்போது உள்ளேயிருந்து சொல்வார்களே, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, அந்த வார்த்தை.

போயிட்டு வா.

அதனால்தான் அப்பா நின்றார். அதனால்தான் இரண்டாவது தடவை.

ஜீவராணி லெப்டொப்பை மூடப் போனாள். கை பாதியில் நின்றது. படம் வாயிலிருந்து இறங்கி, தோள் வழியாக, அந்தக் கைக்குப் போயிருந்தது. விரல்களைத் தாண்டி மணிக்கட்டில் நின்றது.

மணிக்கட்டில் ஒரு தழும்பு. பிறை மாதிரி. கொஞ்சம் தடித்தது.

வலது பெருவிரல் பழக்கதோஷத்தில் இடது மணிக்கட்டுக்குப் போனது. தடவியது. மறுபடி தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. தோல் வழவழவென்று, புதுச் சவர்க்காரக் கட்டிபோல இருந்தது.

ஸூம் இல்லாததைக் கொண்டுவராது. கொண்டுவந்தால், அதை எங்கிருந்தோ எடுக்க வேண்டும்.

அவள் வேலையை முடித்தாள். இதைச் சொன்னால் நம்புவது கடினம்தான். ஆனால் வெளியே போக அந்த மூலையைத் தாண்ட வேண்டும்; ஓடக் கால் வராதபோது மனிதருக்குக் கை ஓடும். மூலைமேல் வேறொரு நாளின் மூலையை வெட்டி ஒட்டினாள். அதை வேண்டுமென்றே உடைத்தாள், கட்டம் கட்டமாக, கூழாக. அதற்கு ஒரு ஸூம் வைத்தாள். நெருங்கியது, நின்றது, விலகியது. யாருமில்லை. பொய்தான். அப்பா திருடவில்லை என்பது மட்டும் இப்போது அவளுக்குச் சத்தியமாகத் தெரியும். முழுப் படத்தையும் ஒரு தடவைகூட மறுபடி பார்க்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க, அவளிடமிருந்து அதற்கு உடம்பு கிடைக்கிறது. அவ்வளவு விளங்கினால் போதும்.

அனுப்பினாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. போய்விட்டது.

கிளாக்கரின் குரல் பதிவு வந்தது. மழையில் காதோடு ஒட்டிக் கேட்க வேண்டியிருந்தது. "நல்லது பிள்ளை. வடிவாத் தெரியுது, ஒருத்தருமில்லை. கொழும்புக்கு அனுப்பிப்போட்டன். கொப்பருக்கு இனிப் பயமில்லை. மேல வரச் சொல்லியிருக்கிறன், கூட்டிக்கொண்டு போவார்."

அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மூடுபனி கறுத்திருந்தது. அதில் அறை தெரிந்தது, மேசை தெரிந்தது, மஞ்சள் பை தெரிந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் கட்டங்கள். கண் ஒரு கட்டம். வாய் ஒரு கட்டம்.

கண்ணை மூடினாள். அப்பா வருகிறார். அப்பா வந்தால் போதும்.

திறந்தபோது லெப்டொப்பில் மாடி தெரிந்தது. பழைய படம் முடிந்து, கெமரா இப்போது நடப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் வெளிக்கதவு திறந்தது. அப்பா. கையில் ரோர்ச், கக்கத்தில் குடை. வாய் அசைந்தது. ராணி என்றிருப்பார்.

"அப்பா!"

மழை அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது.

அவள் கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலியை இழுத்தாள். அது வரவில்லை. திரையைப் பார்த்தாள். சின்ன அறையின் கதவு மூடியே இருந்தது. அதன் பக்கத்தில், மூலையில், சாக்குகள் சரிந்தன. ஒரு பெண் எழுந்து நின்றாள். படங்கை மடித்துக் குவியலில் வைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். தோளில் மஞ்சள் பை.

ஜீவராணியின் பை மேசைமேல் இருந்தது.

அந்தப் பெண் தொட்டிகளுக்கு நடுவே நடந்தாள். அவசரமில்லை. படம் அவள் பின்னாலேயே போனது. அந்தப் பெட்டிக்கு ஸூம் தெரியாது, ஆனால் நெருங்கியது. பின்னல். கழுத்து. காதில் சின்னத் தோடு. ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"அப்பா! அது நானில்ல!"

அப்பா சிரித்தார். குடையை நீட்டினார். பூட்டைக் காட்டி அந்தப் பெண் ஏதோ சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொள்வதுபோல பாவனை செய்தார். வழக்கமான கேலி. அதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் அந்தப் பெண் திரும்பினாள். மாடியைப் பார்த்தாள். பிறகு கெமராவை. முகம் திரை நிறைய வந்து நின்றது. உடையவில்லை.

மழை நின்றது. குழாயை மூடியதுபோல, ஒரேயடியாக. கூரை ஓரத்தில் சொட்டும் ஒவ்வொரு துளியும் கேட்டது. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. இப்போது கத்தினால் கேட்கும். ஒரு வார்த்தை போதும்.

"போறேன்," என்றாள் வாசலில் நின்றவள். ஜீவராணியின் குரல்.

ஜீவராணி வாயைத் திறந்தாள். அப்பா என்று கத்தத்தான் திறந்தாள். வாய்க்கு வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை.

"போயிட்டு வா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. மூலைப் பக்கம் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். ஒரு அடி உள்ளே வைத்தார். வாசலில் நின்றவள் அவர் முழங்கையைத் தொட்டாள். அந்த மணிக்கட்டில் பிறை மாதிரித் தழும்பு.

"போறேன்," என்றார் அவர், கடினமாக.

கதவு மூடியது. கொண்டி விழுந்தது. பூட்டு விழுந்தது. வெளியே அவர் அதை இழுத்துப் பார்த்தார், ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.